ரைட்டர் கணக்கு

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் கதை எழுதுகிறவர் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கம். வாதி அழுகையும் ஆத்திரமுமாக அரை மணி நேரம் சொன்னதை ஒன்றரைப் பக்கத்தில் அடக்கி, பிரிவு போட்டு, கார்பன் தாளுக்கு அடியில் கிடக்கும் கடைசிப் பிரதி வரை எழுத்து இறங்கும்படி அழுத்தி எழுதுவது அவர் வேலை. தென் மாவட்டம் ஒன்றில் என் சர்வீஸில் பெரும்பகுதி அந்த நாற்காலியில்தான் போயிற்று. மீதி மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில். டி.சி.ஆர்.பி. என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கே புரியும்.

கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு அப்போது இருந்ததாக யாரும் சொன்னதில்லை. இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவனை 'டொமைன் எக்ஸ்பர்ட்' என்கிறார்கள். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம். அதில் புள்ளியியல் படித்த ஒரு பெண். போலீஸ் ஆவணங்களை எல்லாம் தரவாக மாற்றி, எங்கே ஏன் எப்போது குற்றம் நடக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். ஆவணத்தில் இருக்கும் சங்கேதம் விளங்கவில்லை, விளக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். சங்கேதம் என்று அவர்கள் சொன்னது எம்.எஃப்., யு.என்., ஏ.டி. முதலானவை. புகாரில் உண்மை இல்லை, துப்பு துலங்கவில்லை, மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று மூன்றே வரியில் விளக்கிவிட்டேன். அந்தப் பெண் அதைப் பயபக்தியுடன் குறித்துக்கொண்டார். என் சர்வீஸில் நான் சொன்ன எதையும் யாரும் அப்படிக் குறித்துக்கொண்டது கிடையாது.

அந்தக் காலத்தில் எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் மைக்கில் (எங்கள் ஊரில் வயர்லெஸ்ஸுக்கு அதுதான் பெயர்) ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூப்பிட்டு முந்தின நாள் கணக்கைக் கேட்பார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் 'நில்'. மாதம் முடிந்தால் ஸ்டேட்மென்ட். ஆதாயக் கொலை, கூட்டுக் கொள்ளை, கொள்ளை, கன்னக்களவு, திருட்டு என்று வரிசையாகப் பெட்டிகள். போன மாதப் பாக்கியோடு இந்த மாதப் பதிவைக் கூட்டி, முடித்ததைக் கழித்தால் வருவது அடுத்த மாதப் பாக்கி. அது நேராக வர வேண்டும். வராவிட்டால் எந்த வழக்கைத் தவறவிட்டோம் என்று இரவு பன்னிரண்டு மணிக்கு யாரும் தேட மாட்டார்கள். 'இதர ஐ.பி.சி.' என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ அண்டசராசரமும் நேராகிவிடும்.

டி.சி.ஆர்.பி.யிலிருந்து அது சென்னையில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போகும், அங்கிருந்து டில்லிக்கு. டில்லியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தை 1986 மார்ச்சில் தொடங்கினார்கள். 'கிரைம் இன் இந்தியா' என்ற அவர்களுடைய ஆண்டறிக்கை அதைவிட மூத்தது, 1953ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. அதை நான் சர்வீஸில் கண்ணால் பார்த்ததில்லை. நாங்கள் அனுப்பியதை யாராவது படிப்பார்கள் என்று நினைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடு கூட்டியிருப்போம்.

எங்கள் கணக்கின் ஒரே வாசகர் எஸ்.பி. ஐயாதான். மாதா மாதம் கிரைம் மீட்டிங். போன வருஷம் இதே மாதம் கன்னக்களவு ஆறு, இந்த வருஷம் பத்து, ஏன்? இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்பார். அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த அறிஞனிடமும் பதில் கிடையாது, இன்ஸ்பெக்டரிடமும் கிடையாது. ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "யோவ் ரைட்டர், கணக்கைக் கொஞ்சம் பாருய்யா" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் அதிகாரியும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பார்ப்பது என்றால் என்ன என்று எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கழுத்தில் கிடந்ததை அறுத்துக்கொண்டு ஓடியது வழிப்பறியாகவும் இருக்கலாம், வெறும் திருட்டாகவும் இருக்கலாம். கீழே விழுந்து காணாமல் போனதாகவும் இருக்கலாம். பத்துப் பவுன் போனது என்று வருகிறவரிடம் ரசீது இருக்கிறதா, உருப்படி எடை தெரியுமா, செய்கூலி சேதாரம் கழித்துச் சொல்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனால் ஆறு பவுனுக்கு வந்து நிற்பார். இவை எல்லாவற்றுக்கும் மேலே சி.எஸ்.ஆர். இருக்கிறது. மனு வாங்கியதற்கு ரசீது. நம்பர் உண்டு, முத்திரை உண்டு, வாங்கியவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. வழக்கு மட்டும் கிடையாது. டில்லிக் கணக்கில் சி.எஸ்.ஆருக்கு இடமில்லை. எல்லா ஸ்டேஷனும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவற்றில் குற்றம் குறைந்த மாதங்களில் சி.எஸ்.ஆர். புத்தகம் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, "அப்படின்னா அந்தப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணலாமா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இத்தனை வருஷமாக எந்த ஆய்வுக் கமிஷனும் கேட்காத கேள்வி. வழக்குப் பதிய வேண்டிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. தீர்ப்புக்குப் பிறகு புத்தகம் மெலிந்ததா என்பதை வரைபடமாகப் போட்டால் எனக்கும் பார்க்க ஆசைதான்.

அப்போது எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க வாதியே நடையாய் நடப்பார். இப்போது பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதை எல்லாம் 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. ஒருநாள் கவலையோடு வந்தார். பதிவுகளில் ஏராளமானவை ஒன்றுபோலவே இருக்கின்றனவாம். அதே வாசகம், அதே வரிசை. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஏறிவிட்டது என்று இயந்திரமே முடிவு செய்து பாதியைக் கழித்துவிட்டதாம். வாங்கிப் பார்த்தேன். 'ஆபாச வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதாக.' 294(பி), 323, 506 இரண்டாம் பகுதி. "எதுவும் தப்பில்லைம்மா, அத்தனையும் வேற வேற சண்டை" என்றேன். வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு, கோயில் வரி, மாமியார் வீடு எதுவானாலும் எங்கள் பேனாவுக்குள் நுழைந்து வெளியே வரும்போது அந்த வாக்கியமாகத்தான் வரும். கழித்த பாதியைத் திரும்பச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் மனிதர்கள் இப்படி ஒரே மாதிரி சண்டை போடுகிறார்கள் என்பதே ஒரு கண்டுபிடிப்பாக வெளிவந்திருக்க வேண்டியது.

இன்னொரு நாள் வரைபடம். எஃப்.ஐ.ஆரில் சம்பவ இடத்துக்கு ஒரு கலம் உண்டு: ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசை, எத்தனை தூரம். அதை வைத்து அட்சரேகை தீர்க்கரேகை கணக்கிட்டு ஒவ்வொரு குற்றத்தையும் புள்ளியாக வைத்திருந்தார்கள். திரையில் பார்த்தால் ஸ்டேஷனைச் சுற்றி எட்டுத் திக்கிலும், ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டரில் வளையம் வளையமாகக் குற்றம். நடுவில் உள்ள இடமெல்லாம் பரம சாதுக்கள் வாழும் பூமி. அந்த வளையங்களுக்குள் ஏதோ சமூகக் காரணம் இருக்கும் என்று அவர்களுடைய பேராசிரியர் ஊகித்தாராம். அங்கே டேப் பிடித்து அளந்தவர் யாரும் இல்லை, 'தென்கிழக்கே மூன்று கி.மீ.' என்பது எங்கள் வாயில் வருகிற வார்த்தை என்று சொல்ல வேண்டியதாயிற்று. எதிரியின் நிறம் என்ற கலத்தைப் பற்றி நானே முந்திக்கொண்டேன். எங்கள் மாவட்டத்தில் எல்லாரும் மாநிறம்.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் சரிசெய்துவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, 2009இல், 2000 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம் சி.சி.டி.என்.எஸ். நாட்டில் உள்ள எல்லா ஸ்டேஷன்களையும் ஒரே வலையில் இணைப்பது. எங்களிடம் அது வந்து சேர்ந்தபோது என் தலை நரைத்திருந்தது. காகிதத்தில் தெரியாததற்குக் கோடு இழுத்துவிட்டுப் போவோம்; திரையில் அது நடக்காது. கலத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. இரவு டியூட்டியில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கான்ஸ்டபிள் பட்டியலைத் திறந்து, முதலில் எது நிற்கிறதோ அதைத் தட்டிவிட்டுப் போவார். ஆக, அன்றைக்குத் தெரியாது என்பது தெரியாது என்றே நின்றது. இன்றைக்குத் தெரியாததும் ஒரு தகவலாக டில்லி போய்ச் சேர்கிறது.

பெயர் பெரும்பாடு. முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பெட்டி. எங்கள் ஆட்களிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியலை எந்தப் பெட்டியில் தள்ளுவது என்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். ரவுடிகளுக்கு 'என்கிற' பெயர் வேறு உண்டு; அதற்கு நாங்கள் ஈமெயிலில் வருகிற அந்தச் சுழி போட்ட ஏ-யைத்தான் காலகாலமாகப் போட்டு வருகிறோம். அவர்களுடைய மென்பொருள் எங்கள் பட்டியலில் ஏராளமான ஈமெயில் முகவரிகளைக் கண்டுபிடித்து, தனிப்பட்ட தகவல் என்று பண்போடு அழித்துவிட்டது. அப்புறம், ஒரே ஆள் எத்தனை வழக்கில் வருகிறான் என்று பார்ப்பதற்காகப் பெயர்களை இணைத்தார்கள். மாடசாமி மகன் முருகன்கள் எங்கள் சரகத்தில் எத்தனை பேரோ, அத்தனை பேரும் சேர்ந்து ஒரே மகா முருகனாகி, ஒரே நாளில் இரண்டு தாலுகாவில் திருடியிருந்தார்.

நீதிமன்றத் தரவு கொஞ்சம் மேல் என்கிறார்கள். 2021இல் ஓர் ஆய்வுக் குழு, 2010 முதல் 2018 வரையிலான ஏறத்தாழ 8 கோடி வழக்குகளின் விவரத்தை ஈ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து திரட்டி வெளியிட்டது. பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன மதம் என்று இயந்திரத்தை ஊகிக்க வைத்து, நீதிபதிகள் தம்மவர் பக்கம் சாய்கிறார்களா என்று தேடினார்கள். பெரிதாக அப்படி ஒன்றும் தென்படவில்லையாம். சந்தோஷம். பெயரைப் பார்த்து ஆளை எடைபோடும் வித்தையை எங்கள் வாசலில் பாரா நிற்கிறவர் இயந்திரம் இல்லாமலே செய்வார். வழக்கு நீதிபதிக்குப் போவதற்கு முன்பே அந்த எடை முடிந்திருக்கும்; அது எந்தக் கலத்திலும் ஏறாது.

வயிற்றுவலி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தற்கொலை, விபத்து மரணங்களுக்கு டில்லியில் தனி அறிக்கை உண்டு. 1967ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. அதில் காரணம் என்று ஒரு கலம். குடும்பப் பிரச்சினைக்கு அடுத்து நோய்தான் அதில் பெரிய பங்கு. அந்தப் பெண் பழைய 174ஆம் பிரிவு வழக்குகளைத் தட்டச்சு செய்யக் கொடுத்திருந்தார். இளம்பெண்கள் பலருக்கும் காரணம், 'தீராத வயிற்றுவலி'. "எந்த ஏரியால இது அதிகம்னு பார்த்து, குடிநீர்த் தரத்தோட ஒப்பிட்டா ஏதாவது கிடைக்குமா சார்?" என்று கேட்டார்.

அவருக்கு என் மகள் வயது. என்ன சொல்வது? பிள்ளை போன வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து காரணம் கேட்டிருக்கிறேன். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அப்பாவோ மாமாவோ வெளியே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நாளா வயித்துவலிங்கய்யா" என்பார்கள். காதலா, கடனா, கர்ப்பமா, கட்டிக்கொடுத்த இடமா என்று ஊருக்கே தெரிந்திருக்கும். சந்தேகம் வலுத்தால் விசாரணை. அதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். வலுக்காத இடத்தில் வயிற்றுவலி என்று எழுதிவிட்டு எழுந்துகொள்வோம். அந்தப் பெயருக்கு ஒரு களங்கமும் வராது, உடல் பொழுதோடு வீடு வந்து சேரும், தங்கைக்கு வரன் தடைபடாது. பொய் என்று அதை நான் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அதைக் குடிநீரோடு கூட்டிக் கழிப்பார்கள் என்று எந்த ரைட்டர் கண்டான்? குடிநீரை விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்று சொல்ல அன்று மத்தியானம் முழுக்க ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் அந்தக் கோப்பை வேறு மாதிரிப் படிக்கத் தொடங்கினார். வயிற்றுவலியைத் தனியாக எண்ணி, கல்யாணமான எத்தனை ஆண்டுக்குள் என்று பிரித்துக்கொண்டிருந்தார். அதில் ஏதோ கிடைக்கும் என்றே தோன்றுகிறது.

அன்றைக்கு எண் ஏறினால் எங்களுக்குத் திட்டு. இன்றைக்கு எண் ஏறினால் ஆய்வாளர்கள் கைகுலுக்குகிறார்கள். பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்த பிறகு பெண்கள் மீதான குற்றப் பதிவு 40 சதவீதத்துக்கும் மேல் கூடியதாகவும், குற்றம் கூடியதால் அல்ல, பெண்கள் துணிந்து புகார் சொன்னதால் கூடியதாகவும் 2012இல் ஒரு பொருளாதார ஆய்வு சொன்னது. அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு 1992 ஞாபகம் வந்தது. ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்த வருஷம். பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் ஒன்று வந்தது. வந்ததும் ஸ்டேட்மென்டில் பெண்கள் சம்பந்தப்பட்ட பெட்டிகள் வீங்கின. மாவட்டமே கெட்டுவிட்டதா என்று மீட்டிங்கில் கேட்டார்கள். அந்த மகளிர் இன்ஸ்பெக்டரம்மா, "முன்னாடியும் இதேதான்யா நடந்துச்சு, எழுதத்தான் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்திருந்தால் அவருக்கு டாக்டர் பட்டமே கொடுத்திருப்பார்கள்.

குழந்தை காணவில்லை என்றால் கடத்தல் என்றே கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013இல் உத்தரவு வந்தது. நாடெங்கும் கடத்தல் எண்ணிக்கை எகிறியது. 2020இல் இன்னும் வேடிக்கை. நாட்டில் மொத்தப் பதிவு 2019இல் 51,56,172 ஆக இருந்தது, கொரோனா ஆண்டில் 66,01,285 ஆகிவிட்டது. திருட்டு குறைந்திருந்தது, ஊரே வீட்டுக்குள் இருக்கும்போது கன்னம் வைக்க எவன் வருவான்? ஏறியது 188ஆம் பிரிவு. ஊரடங்கை மீறியது. 29,469லிருந்து 6,12,179. டீ குடிக்கப் போனவனும் கொலை செய்தவனும் ஒரே கூட்டுத்தொகையில் கைகோத்து நிற்கிறார்கள். மறுபக்கம், ஒரு எஃப்.ஐ.ஆரில் எத்தனை பிரிவு இருந்தாலும் தண்டனை அதிகமான ஒன்றைத்தான் எண்ணுவது டில்லி விதி. ஆக, எங்கள் கணக்கில் கூடுவதும் சரியாகக் கூடாது, குறைவதும் சரியாகக் குறையாது.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து ஐ.பி.சி.யே இல்லை, அதன் இடத்தில் புதிய சட்டம். 302 என்பது 103 ஆகிவிட்டது, 420 என்பது 318க்குள் போய்விட்டது. ஒருவனை 420 என்று திட்டினால் சட்டையைப் பிடிப்பான். 318 என்று திட்டினால் பஸ் நம்பரா என்று கேட்பான். சங்கிலி பறிப்புக்குத் தனிப் பிரிவு வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் பழைய வருஷங்களோடு ஒப்பிட என்ன வழி என்று அந்தப் பெண் தலையில் கை வைத்திருக்கிறார். பழைய வருஷங்களின் வழிப்பறியை நாங்கள் எங்கெங்கே வைத்திருந்தோம் என்று நான் இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

ஒன்றில் மட்டும் நான் கடுமையாகப் பேசிவிட்டேன். யார் மறுபடி குற்றம் செய்வார் என்று இந்தத் தரவை வைத்து முன்கூட்டியே சொல்ல ஒரு மாடல் தயார் செய்யலாம் என்றார்கள். ரவுடி லிஸ்டில் பெயர் ஏறியவன் வீட்டுக்குத்தான் பீட் போலீஸ் போகும், போனால் ஏதாவது கிடைக்கும், கிடைத்தால் வழக்கு, வழக்கு கூடினால் லிஸ்டில் இன்னும் உறுதியாவான். மாதக் கடைசியில் 110ஆம் பிரிவு நன்னடத்தை வழக்கு போதவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டினோம் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிற தரவு. எங்கள் பக்கத்துக் கிழவர்கள் ரேகைச் சட்டம் என்று சொல்வார்களே, குற்றப் பரம்பரைச் சட்டம், அதற்கும் பதிவேடுதான் ஆதாரம். 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது கைரேகை வைக்க மறுத்ததற்காக. இப்போது 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் எடுக்கும் கைரேகை முதலான அளவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். அந்த மாடலைச் செய்யாதீர்கள் என்றேன். நிறுவனத்தில் பேசுவதாகச் சொன்னார்கள். பேசினார்களா, தெரியவில்லை.

போன மாதம் கட்டுரை தயாராகி எனக்கு ஒரு பிரதி வந்தது. நான் சொன்னவற்றை எல்லாம் அந்தப் பெண் உட்கார்ந்து எழுதியிருந்தது முப்பது பக்கத்துக்கு மேல் என்று எனக்குத் தெரியும். அச்சில், கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி: நிர்வாகப் பதிவுகளுக்கு உரிய சில வரம்புகள் இந்தத் தரவுக்கும் உண்டு. இதழில் இடமில்லை என்று சுருக்கச் சொல்லிவிட்டார்களாம். வருத்தத்தோடு போன் செய்தார். பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று டில்லி அறிக்கையிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள், அதையே யாரும் படிப்பதில்லை, விடும்மா என்றேன்.

"ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கட்டுமா? தலைப்புல 'குற்றங்கள்'னு இருக்கே, அதுக்கு முன்னால 'பதிவான'னு சேர்க்க முடியுமா?"

கேட்டுச் சொன்னார். உள்ளே எல்லா இடத்திலும் சேர்த்துவிட்டார்களாம். தலைப்பில் சேர்த்தால் நீளமாகிவிடுகிறதாம்.